இமிக்ரேஷன் கோர்ட்டில் இன்டர்ன்: யார் பக்கம் உட்கார்கிறார், என்ன எழுதுகிறார்?

தெரிந்த குடும்பத்துப் பெண் ஒருவர் அமெரிக்காவில் சட்டம் படிக்கிறார். கோடை விடுமுறையில் இமிக்ரேஷன் கோர்ட்டில் சம்பளமில்லாத 'வாலன்டியர்' இன்டர்ன்ஷிப், அதாவது மாணவர் பயிற்சி வேலை, கிடைத்திருக்கிறது. குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் செய்தி போட்ட அன்றே மூன்று கேள்விகள் வந்துவிட்டன. ஒரு மாமா தன் மகனின் எச்-1பி வேலை விசா ஃபைல் எங்கே நிற்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியுமா என்றார். ஒரு அத்தை கிரீன் கார்டு வரிசையைப் பற்றிக் கேட்டார். பெரியப்பா மட்டும் பெருமையோடு, "அகதிகளுக்காக வாதாடப் போகிறாயா, நல்லா இரும்மா" என்று எழுதினார்.

மூன்றுக்கும் பதில் 'இல்லை' என்பதுதான். கேட்டவர்கள் மேல் தவறில்லை. 'கோர்ட்' என்ற பெயரும் 'வாலன்டியர்' என்ற சொல்லும் சேர்ந்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். சட்டம் படிக்கும் பிள்ளைகளிலேயே பலர் இதைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளாமல் விண்ணப்பிக்கிறார்கள். அதனால் அடியிலிருந்து தொடங்குவோம்.

பெயர் கோர்ட், இடம் அரசுத் துறை

நம் ஊரில் பட்டா தகராறு வந்தால் என்ன நடக்கும்? வட்டாட்சியர் போட்ட உத்தரவில் குறை இருந்தால் கோட்டாட்சியரிடம் மேல்முறையீடு செய்வோம். அவர் இரு தரப்பையும் அழைத்து, ஆவணங்களைப் பார்த்து, உத்தரவு எழுதுவார். பார்க்க நீதிமன்றம் மாதிரியே இருக்கும், வக்கீல்கூட வருவார். ஆனால் கோட்டாட்சியர் நீதித்துறையைச் சேர்ந்தவர் அல்ல, வருவாய்த்துறை அதிகாரி.

அமெரிக்க இமிக்ரேஷன் கோர்ட், அதாவது குடிவரவு நீதிமன்றமும் ஏறக்குறைய இந்த வகைதான். அங்கே நீதிபதி கறுப்பு அங்கி அணிந்து உயரமான மேடையில் அமர்ந்திருப்பார். என்றாலும் அவர் அரசமைப்பின்படி ஆயுள் முழுக்கப் பதவி வகிக்கும் ஃபெடரல் நீதிபதி அல்ல. அரசின் நிர்வாகப் பிரிவில் இருக்கும் நீதித்துறை அமைச்சகத்தின் ஊழியர். அமெரிக்காவின் நீதித்துறை அமைச்சர் போன்ற பொறுப்பில் இருப்பவரை அட்டர்னி ஜெனரல் என்பார்கள். குடிவரவு நீதிபதிகளை நியமிப்பவர் அவர்தான். இந்த நீதிபதிகளின் முடிவுகளை மறுபடி பார்க்கும் மேல்முறையீட்டு வாரியம் கொடுத்த தீர்ப்பையும் தானே எடுத்துத் திருத்தி எழுதும் அதிகாரம் அவருக்கு உண்டு. 2025இல் பல பத்துக் குடிவரவு நீதிபதிகள் வேலையை விட்டு நீக்கப்பட்டார்கள். ஃபெடரல் நீதிபதி ஒருவரை அப்படி நீக்க முடியாது, நாடாளுமன்றம் பதவிநீக்கத் தீர்மானம் கொண்டுவந்து விசாரிக்க வேண்டும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இந்த ஒரு விஷயத்திலேயே தெரியும்.

இந்த நீதிமன்றங்களை நடத்துவது 'குடிவரவு மறுஆய்வு நிர்வாக அலுவலகம்'. 1983இல் உருவானது, தலைமையகம் வர்ஜீனியாவின் ஃபால்ஸ் சர்ச் நகரில். அதற்கு முன்பு, நாடு கடத்தச் சொல்லி வழக்குப் போடும் துறைக்குள்ளேயே நீதிபதிகளும் இருந்தார்கள். அது முறையல்ல என்றுதான் பிரித்தார்கள். 2003இல் பழைய குடிவரவுத் துறையைக் கலைத்து, அதன் வேலைகளைப் புதிதாக வந்த உள்நாட்டுப் பாதுகாப்புத் துறைக்குக் கொடுத்தார்கள். அதனால் இன்று வழக்குப் போடும் அரசு வக்கீல் ஒரு துறையிலிருந்தும், தீர்ப்புச் சொல்லும் நீதிபதி இன்னொரு துறையிலிருந்தும் வருகிறார்கள்.

எச்-1பி மனுக்களையும் பெரும்பாலான கிரீன் கார்டு விண்ணப்பங்களையும் பார்ப்பது உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் ஒரு பிரிவு. அந்த ஃபைல் குடிவரவு நீதிமன்றத்துக்கு வருவதே இல்லை. மாமாவுக்கும் அத்தைக்கும் இன்டர்ன் உதவ முடியாததற்கு முதல் காரணம் இதுதான். அவர் இருப்பது வேறு கட்டடம், வேறு துறை.

இதுவரை பார்த்தது: குடிவரவு நீதிமன்றம் நிர்வாகத் துறைக்குள் இருக்கும் விசாரணை மன்றம். அது விசா வழங்கும் இடம் அல்ல. ஒருவரை நாட்டைவிட்டு அனுப்புவதா, இருக்க விடுவதா என்று தீர்மானிக்கும் இடம்.

அந்த அறைக்குள் யார் யார்

ஒரு வழக்கு எப்படித் தொடங்குகிறது? 'இவர் இந்த நாட்டில் இருக்க உரிமை இல்லாதவர், காரணம் இது' என்று அரசு ஒரு தாள் கொடுக்கும். அதன் பெயர் ஆஜராகும் அறிவிப்பு. அதைப் பெற்றவர் எதிர்மனுதாரர். ஒரு மேசையில் எதிர்மனுதாரர், எதிர் மேசையில் அரசு வக்கீல், மேடையில் நீதிபதி, பக்கத்திலோ தொலைபேசியிலோ மொழிபெயர்ப்பாளர். ஜூரி கிடையாது. தட்டச்சு செய்பவரும் இல்லை, பேசுவதெல்லாம் ஒலிப்பதிவாகும்.

எதிர்மனுதாரரின் பக்கத்து நாற்காலி பல வழக்குகளில் காலியாகவே இருக்கும். அமெரிக்காவில் குற்ற வழக்கில் மாட்டியவருக்கு வக்கீல் வைக்க வசதி இல்லையென்றால் அரசே வக்கீல் கொடுக்கும். குடிவரவு வழக்கில் அந்த உரிமை இல்லை. வக்கீல் வைத்துக்கொள்ளலாம், ஆனால் சொந்தச் செலவில். நாடு கடத்துவது தண்டனை அல்ல என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1893இல் சொன்னது. அந்தப் பார்வையின் நிழல் இன்னும் நீங்கவில்லை. 2007 முதல் 2012 வரையிலான வழக்குகளை அலசி 2015இல் வெளியான ஆய்வில், நூற்றுக்கு 37 பேருக்கே வக்கீல் இருந்தார். தடுப்புக்காவலில் இருந்தவர்களில் 14 பேருக்குத்தான். பெரியவர் துணையில்லாமல் எல்லை தாண்டி வந்த குழந்தைகளும் வக்கீல் இல்லாமல் அந்த மேசையில் உட்கார்ந்திருக்கிறார்கள். இதைப் படித்துவிட்டு அப்படியே கடந்துபோக என்னால் முடியவில்லை.

விசாரணை இரண்டு வகை. முதலாவது நம் ஊர் வாய்தா நாள் மாதிரி. ஒரே காலையில் வரிசையாகப் பலரின் பெயரைக் கூப்பிடுவார்கள். குற்றச்சாட்டை ஒப்புக்கொள்கிறீர்களா, வக்கீல் இருக்கிறாரா, என்ன நிவாரணம் கேட்கிறீர்கள் என்று கேட்டு அடுத்த தேதி கொடுப்பார்கள். இரண்டாவது, சாட்சி சொல்லி வழக்கை முழுதாகக் கேட்கும் தனி விசாரணை. முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் பல நேரங்களில் வருடக்கணக்கில் இடைவெளி விழும். தேங்கிக் கிடக்கும் வழக்குகள் 2023 முடிவதற்குள் 30 லட்சத்தைத் தாண்டிவிட்டன.

சான் ஃபிரான்சிஸ்கோவில் நீண்டகாலம் குடிவரவு நீதிபதியாக இருந்த டேனா லீ மார்க்ஸ், இது போக்குவரத்து அபராத கோர்ட்டின் வசதிகளை வைத்துக்கொண்டு மரண தண்டனை வழக்குகளை நடத்துவது போன்றது என்று சொல்லியிருக்கிறார். தவறான முடிவால் ஒருவர் திரும்பிப் போய்ச் சாகலாம். அதைத் தீர்மானிக்க நீதிபதிக்குக் கிடைப்பது சில மணி நேரம். இன்டர்ன் தேவைப்படுவது இந்த இடைவெளியில்தான்.

இன்டர்ன் யாருக்குப் பின்னால் நிற்கிறார்

நமக்குப் பழக்கமான காட்சி, சீனியர் வக்கீலுக்குப் பின்னால் வழக்குக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஓடும் ஜூனியர். இமிக்ரேஷன் கோர்ட் இன்டர்ன் என்றதும் அந்தப் படம்தான் மனதில் வருகிறது. ஆனால் இவர் எந்த வக்கீலுக்கும் பின்னால் இல்லை, நீதிபதிக்குப் பின்னால் இருக்கிறார். நீதிபதிக்கு உதவியாகச் சட்டம் படித்து முடித்த எழுத்தர்கள் இருப்பார்கள். அவர்களும் நீதிபதியும் கொடுக்கும் வேலையைச் செய்வதுதான் இன்டர்னின் வேலை. எதிர்மனுதாரருக்கு ஆலோசனை சொல்லக் கூடாது. வராந்தாவில் அழுதுகொண்டிருக்கும் தாயிடம் "இந்தப் படிவத்தை நிரப்புங்கள்" என்றுகூடச் சொல்ல முடியாது. அரசு வக்கீலுக்கும் உதவக் கூடாது. பெரியப்பா நினைத்தது போல வாதாடுவது என்ற பேச்சுக்கே இடமில்லை.

அப்படியானால் நாள் முழுக்க என்ன வேலை? படிப்பதும் எழுதுவதும். சாட்சியத்தின் ஒலிப்பதிவைத் திரும்பத் திரும்பக் கேட்டுக் குறிப்பெடுப்பார். நூற்றுக்கணக்கான பக்கங்கள் உள்ள வழக்குக் கட்டைப் படித்து, எந்த ஆவணம் எதை நிரூபிக்கிறது என்று பிரிப்பார். சட்டக் கேள்வி ஒன்றை ஆராய்ந்து நீதிபதிக்குக் குறிப்பு எழுதுவார். சில நேரம் தீர்ப்பின் முதல் வரைவையே எழுதுவார். நீதிபதி அதை வெட்டுவார், திருத்துவார், மாற்றியும் எழுதுவார். முடிவும் கையெழுத்தும் நீதிபதியுடையவை. பல வழக்குகளில் நீதிபதி விசாரணை முடிந்ததும் அங்கேயே வாய்மொழியாகத் தீர்ப்பைச் சொல்லிவிடுவார். சிக்கலானவைதான் எழுத்துக்கு வரும், இன்டர்னின் மேசைக்கு வருவதும் பெரும்பாலும் அவைதான்.

ஒரு கதை எப்படிச் சட்டமாகிறது

அந்த மேசைக்கு அதிகம் வருவது புகலிட வழக்குகள். சொந்த நாட்டில் துன்புறுத்தப்படுவோம் என்ற நியாயமான அச்சத்தால் பாதுகாப்புக் கேட்பதுதான் புகலிடம். இங்கே பலர் தவறவிடும் ஒரு நுணுக்கம் உண்டு. துன்பம் நடந்தது என்று காட்டினால் மட்டும் போதாது, ஏன் நடந்தது என்றும் காட்ட வேண்டும். 1980ஆம் ஆண்டின் அகதிகள் சட்டம் ஐந்து காரணங்களை மட்டுமே ஏற்கிறது: இனம், மதம், தேசியம், அரசியல் கருத்து, குறிப்பிட்ட சமூகக் குழு ஒன்றில் உறுப்பினராக இருப்பது.

ஒரு டீக்கடைக்காரரை நினைத்துக்கொள்வோம். ரவுடிகள் மாமூல் கேட்டு அடிக்கிறார்கள். அடி உண்மை, அச்சம் உண்மை. ஆனால் காரணம் பணம், ஐந்தில் எதிலும் அது இல்லை. அதே கடையில் எதிர்க்கட்சிக் கூட்டம் நடந்ததற்காக அடித்தார்கள் என்றால் காரணம் அரசியல் கருத்து. கையில் அதே காயம், ஆனால் சட்டத்தின் கண்ணில் வேறு வழக்கு. அடிக்கும் காரணத்துக்கும் பட்டியலுக்கும் உள்ள இந்த இணைப்பைத் தேடுவதில்தான் இன்டர்னின் பாதி நாள் கழியும்.

இதைப் புரிந்துகொள்ள நம்மை நேராகத் தொடும் ஒரு வழக்கே இருக்கிறது. 2017இல் இலங்கைத் தமிழர் ஒருவர் மெக்சிகோ எல்லையைத் தாண்டி கலிஃபோர்னியாவுக்குள் சுமார் 25 கஜ தூரம் வந்ததும் பிடிபட்டார். தன்னைச் சிலர் கடத்திப் போய்க் கடுமையாக அடித்தார்கள் என்றார். அடித்தது யார், ஏன் என்ற கேள்விக்கு அவரால் பதில் சொல்ல முடியவில்லை. விசாரித்த அதிகாரி அவர் சொன்னதை நம்பினார், ஆனால் காரணம் பட்டியலோடு பொருந்தவில்லை என்று முடித்தார். மேலதிகாரியும் ஒரு குடிவரவு நீதிபதியும் அதை உறுதி செய்தார்கள். தமிழர் சார்பான அரசியல் கருத்துக்காகவே அஞ்சுகிறேன் என்பது பிறகு போட்ட மனுவில்தான் வந்தது. அந்த மனுவை ஃபெடரல் நீதிமன்றம் விசாரிக்கலாமா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போனது. 2020இல் 7க்கு 2 என்ற கணக்கில் அவர் தோற்றார். எல்லையில் நடக்கும் அந்தத் துரித நடைமுறையில் இன்டர்ன் மாதக்கணக்கில் ஆராயும் முழு விசாரணையே அவருக்குக் கிடைக்கவில்லை.

இலங்கைச் செய்திகளை வாசித்து வளர்ந்த தமிழருக்கு 'வெள்ளை வேன்' என்ற இரண்டு சொற்கள் போதும், எந்தக் காலம், எந்தப் பயம் என்று புரிந்துவிடும். அமெரிக்காவின் ஏதோ ஒரு ஊரில் சட்டம் படித்தவருக்கு அது வெறும் வண்டியின் நிறம், ஆட்களைக் கடத்திப் போன வண்டி என்று தெரியாது. அந்தத் தூரத்தைக் குறைக்க வழக்கில் தாக்கல் செய்யப்படும் ஆதாரங்களுக்கு நாட்டு நிலவர ஆவணங்கள் என்று பெயர். அமெரிக்க வெளியுறவுத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் மனித உரிமை அறிக்கை, செய்திகள், நிபுணர் சாட்சியம் எல்லாம் இதில் சேரும். இன்டர்ன் அவற்றை வரிவரியாகப் படித்து, சாட்சி சொன்னதோடு எங்கே ஒத்துப்போகிறது, எங்கே ஒத்துப்போகவில்லை என்று காட்ட வேண்டும். என்னைக் கேட்டால், இந்தப் பயிற்சியில் இதைவிடப் பெரிய பாடம் வேறு இல்லை.

அடுத்தது நம்பகத்தன்மை. 2005ஆம் ஆண்டின் ஒரு சட்டப்படி, சாட்சியத்தில் உள்ள சிறிய முரண்பாட்டையும் நீதிபதி கணக்கில் எடுக்கலாம். நம் மொழிக்காரர்களுக்கு இது எவ்வளவு ஆபத்து என்று யோசித்துப் பாருங்கள். நாம் பெரியப்பா மகனையும் அண்ணன் என்போம். விண்ணப்பத்தில் 'உடன்பிறந்தவர்' என்று போயிருக்கும், நீதிமன்றத்தில் கேட்டால் 'பெரியப்பா பையன்' என்பார். ஆங்கிலத்தில் படிப்பவருக்கு அது பொய் மாதிரி தெரியலாம். தமிழ் தெரிந்த இன்டர்ன் என்றாலும் தானே மொழிபெயர்த்து முடிவு கட்ட முடியாது, பதிவில் இருப்பதை வைத்துத்தான் எழுத வேண்டும். ஆனால் அந்த முரணுக்கு அவர் கொடுத்த விளக்கம் ஒலிப்பதிவின் மூன்றாவது மணி நேரத்தில் இருந்தால், அதைக் கண்டுபிடித்து நீதிபதியின் முன் வைக்க முடியும்.

கடைசியாக, அச்சம் எவ்வளவு இருந்தால் போதும்? நூற்றுக்கு ஐம்பதைத் தாண்ட வேண்டியதில்லை என்று 1987இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. பத்தில் ஒரு வாய்ப்பு இருந்தாலும் அச்சம் நியாயமானதாக இருக்கலாம் என்று விளக்கியது. அந்த வழக்கில் புகலிடம் கேட்ட நிகராகுவா நாட்டுப் பெண்ணுக்காக வாதாடிய இளம் வக்கீல்தான் பிற்பாடு நீதிபதியானார். மேலே சொன்ன டேனா லீ மார்க்ஸ் அவர்தான்.

சுருக்கமாக: நடந்தது என்ன, நம்பலாமா, காரணம் ஐந்தில் ஒன்றா, திரும்பினால் ஆபத்து எவ்வளவு? இந்த நான்கு கேள்விகளுக்கும் ஆதாரத்தோடு பதில் எழுதப் பழகுவதுதான் இந்த இன்டர்ன்ஷிப்.

'வாலன்டியர்' என்றால் என்ன கணக்கு

இங்கே வாலன்டியர் என்பது கோயில் திருவிழாவில் தண்ணீர்ப் பந்தல் வைப்பது போன்ற சேவை அல்ல. அமெரிக்க அரசு அலுவலகம் ஒன்று யாரிடமும் இலவசமாக வேலை வாங்கக் கூடாது என்று 1884 முதலே சட்டம் இருக்கிறது. இலவசம் என்று சொல்லி வேலை செய்துவிட்டுப் பிறகு சம்பளம் கேட்டு வந்துவிடுவார்கள் என்ற பயம்தான் காரணம். 1978இல் மாணவர்களுக்கு மட்டும் ஒரு விலக்கு கொடுத்தார்கள். அந்த வேலை படிப்பின் பகுதியாக இருக்க வேண்டும், அதனால் எந்த ஊழியரின் வேலையும் பறிபோகக் கூடாது. ஆகவே இன்டர்ன் சட்டப்படி ஒரு மாணவ வாலன்டியர். சம்பளம் இல்லை. பதிலுக்குக் கல்லூரி அனுமதித்தால் பாடத்துக்கான மதிப்பெண் கணக்கில் சேரும்.

இது எனக்கு நியாயமாகப் படவில்லை. நியூயார்க்கில் பத்து வாரம் வாடகை கொடுத்துக்கொண்டு சம்பளமில்லாமல் வேலை செய்ய எல்லார் வீட்டிலும் வசதி இருக்காது. ஒரு அகதியின் பிள்ளைக்கு இந்த நாற்காலி எட்டாமல் போக இது ஒன்றே போதும். சில சட்டக் கல்லூரிகள் பொதுநலப் பணிக்கென்று கோடைக்கால உதவித்தொகை தருகின்றன. கல்லூரியில் முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். நீதித்துறை அமைச்சகமே சம்பளத்தோடு ஒரு கோடைக்காலத் திட்டத்தையும் நடத்திவந்தது, ஆனால் அதற்குப் போட்டி கடுமை.

யாரால் முடியும், யாரால் முடியாது

அமெரிக்காவில் பட்டம் வாங்கிய பிறகுதான் சட்டம் படிக்க முடியும், அது மூன்று வருடம். முதல் வருட மாணவர்களும் கோடைக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பத்தில் உயிர்நாடி எழுத்து மாதிரிதான், ஏனென்றால் வேலையே எழுதுவது. தேர்வானதும் கைரேகை, பின்னணிச் சோதனை எல்லாம் நடக்கும். அதற்கே நாள் பிடிக்கும், அதனால் குளிர்காலத்திலேயே விண்ணப்பித்துவிட வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்தும் இலங்கையிலிருந்தும் படிக்கப் போகிறவர்கள் கவனிக்க வேண்டியது இது: இந்த வேலை அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டும். மாணவர் விசாவில் முதுநிலைச் சட்டம் படிக்க வந்தவர் எவ்வளவு திறமைசாலி என்றாலும் இதற்குத் தகுதியில்லை. கிரீன் கார்டும் போதாது. இது தெரியாமல் மாதக்கணக்கில் காத்திருந்து ஏமாந்தவர்கள் இருக்கிறார்கள்.

வாதாடத்தான் ஆசை என்றால்

பெரியப்பாவின் கேள்விக்கு மட்டும் இன்னொரு வாசல் திறந்திருக்கிறது. பல சட்டக் கல்லூரிகளில் குடிவரவு கிளினிக் உண்டு. மருத்துவ மாணவர்கள் பேராசிரியர் கண்காணிப்பில் நோயாளியைப் பார்ப்பது போல, இங்கே மாணவர்கள் வக்கீலின் மேற்பார்வையில் உண்மையான வழக்கை நடத்துகிறார்கள். வக்கீல் தேர்வு எழுதாத மாணவரும், கட்சிக்காரர் விரும்பினால், பணம் வாங்காமல், நீதிபதியின் அனுமதியோடு குடிவரவு நீதிமன்றத்தில் ஆஜராகலாம் என்று விதியே இடம் கொடுக்கிறது. அந்தக் காலி நாற்காலியில் போய் உட்காரும் வேலை இது. ஒரே நேரத்தில் நீதிபதியின் அறையிலும் கிளினிக்கிலும் இருக்க முடியாது, ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரு பருவம் நீதிபதிக்காக எழுதிவிட்டு அடுத்த வருடம் கிளினிக்குக்குப் போகிறவர்கள் உண்டு. எந்த ஆதாரம் நீதிபதியை நிறுத்தி யோசிக்க வைக்கிறது என்று உள்ளிருந்து பார்த்தவர் என்பதால், கட்சிக்காரரிடம் கேட்க வேண்டிய கேள்விகள் அவருக்குத் தெரிந்திருக்கும்.

எதைத் தேர்ந்தெடுப்பது என்று குழப்பமாக இருந்தால், வாய்தா நாள் விசாரணை ஒன்றைப் போய்ப் பாருங்கள். அவை பெரும்பாலும் பொதுமக்களுக்குத் திறந்தவை. புகலிடச் சாட்சியம் போன்றவற்றில்தான் சம்பந்தப்பட்டவர் கேட்டால் கதவை மூடுவார்கள். அடையாள அட்டை எடுத்துக்கொள்ளுங்கள், கைபேசியை அணைத்துவிடுங்கள். ஒரு எச்சரிக்கையும் உண்டு. 2025இல் நியூயார்க்கின் 26 ஃபெடரல் பிளாசா போன்ற கட்டடங்களில், விசாரணை முடிந்து வெளியே வந்தவர்களை வராந்தாவிலேயே அதிகாரிகள் கைது செய்தார்கள். உங்கள் விசா நிலையில் சந்தேகம் இருந்தால் முதலில் ஒரு வக்கீலிடம் பேசிவிட்டுப் போங்கள். உள்ளே பின்வரிசையில் உட்கார்ந்து ஒரு காலை முழுக்கக் கவனியுங்கள். பெயர் கூப்பிட்டதும் எத்தனை பேர் தனியாக எழுந்து முன்னால் போகிறார்கள் என்று எண்ணிக்கொண்டே வாருங்கள்.